பதினான்கு எம்.எம். நிச்சயதார்த்தம்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் அதைப் பற்றி நிறையப் படிப்பவன் கடைசியில் தப்பானதைத்தான் வாங்குவான். ஒன்றுமே படிக்காதவனும் தப்பானதைத்தான் வாங்குவான் என்றாலும், அவனுக்குச் சில மாதத் தூக்கமாவது மிச்சம். இதை நான் சொந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். அந்த அனுபவத்துக்கான விலையைக் கொடுத்தது நானில்லை, என் தங்கை கௌரி. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

எங்களுக்கு ஆரணியில் பட்டுப் புடவை வியாபாரம். போர்டு மாட்டிய கடையெல்லாம் இல்லை. தறிக்காரர்களிடம் புடவை எடுத்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறோம். இப்போதெல்லாம் கடைக்காரர்கள் யாரும் நேரில் வந்து புடவையைத் தொட்டுப் பார்ப்பதில்லை, வாட்ஸப்பில் பார்த்துவிட்டு "பச்சை வேணாம், மாம்பழக் கலர் நாலு அனுப்பு" என்கிறார்கள். அதனால் நல்ல கேமரா ஒன்று வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லி வாங்கினேன். பொய் சொல்லவில்லை. புடவைகளையும் எடுத்தேன். ஆனால் கொஞ்ச நாளில் கேமரா புடவையை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

அதற்குக் காரணம் என் சிநேகிதன் அருள். போளூரில் பள்ளிக்கூட வாத்தியார். ஜவ்வாது மலையில் விளக்கு வெளிச்சமே விழாத இடத்தில் நின்று அவன் எடுத்த பால்வெளிப் படம் ஒன்றை ஒருநாள் போனில் காட்டினான். வானத்தின் குறுக்கே மாவு கொட்டியது போல நட்சத்திரம். கீழே சின்னதாக ஒரு மரம். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம்.

வானத்தை எடுக்கக் கேமராவோடு வந்த சாதாரண லென்ஸ் போதாது. முன்னும் பின்னும் நகர்த்த முடியாத, ஒரே அளவில் நிற்கிற அகலமான லென்ஸ் வேண்டும். ப்ரைம் என்பார்கள். அதில் மூன்று பேர் எனக்காக வரிசையில் நின்றார்கள்: பதினான்கு எம்.எம்., இருபது, இருபத்து நான்கு. எண் குறையக் குறைய அகலம் கூடும். இருபத்து நான்கு வெளிச்சத்தை அள்ளி உள்ளே விடும், ஆனால் வானத்தில் ஒரு துண்டுதான் கிடைக்கும். பதினான்கில் வானம் முழுக்க அடங்கிவிடும், நட்சத்திரம் கோடாக இழுபடாமல் அரை நிமிடம்கூடத் திறந்து வைக்கலாம், ஆனால் வெளிச்சம் குறைவு. இருபது இரண்டுக்கும் நடுவில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. (நல்ல பிள்ளைகளை யார் மதிக்கிறார்கள்?)

சவரம் செய்யும்போது இருபத்து நான்கு என்று முடிவு செய்வேன். குளித்துவிட்டு வருவதற்குள் இருபது ஆகிவிடும். சாப்பிட உட்கார்ந்தால் பதினான்கு. உலகத்தில் எந்தெந்த மூலையிலோ தாடி வைத்த மனிதர்கள் பனிமலை மேல் நின்றுகொண்டு லென்ஸின் ஓரத்தில் நட்சத்திரத்துக்கு இறக்கை முளைக்கிறதா என்று ஆராய்கிற வீடியோக்களையெல்லாம் பார்த்தேன். அவர்கள் பேசியதில் பாதி புரியவில்லை. புரியாத பாதியைத்தான் அருளிடம் அதிகாரமாகப் பேசினேன்.

"இன்னா தயா, பொண்ணு பாக்கறவன்கூட இவ்ளோ நாள் பாக்க மாட்டான்" என்றான் அருள். "ஒண்ணு சொல்றேன் கேளு. இருபது வாங்கு. வானமும் எடுக்கலாம், வயக்காடும் எடுக்கலாம், தேவைன்னா நாலு மனுஷங்களையும் எடுக்கலாம். பதினாலு மனுஷனுக்கு ஆவாது."

"நான் எதுக்கு மனுஷங்கள எடுக்கப் போறேன்?" என்றேன். (அந்தக் குரலின் கம்பீரம் இப்போதும் காதில் கேட்கிறது.)

கடைசியில் முடிவு செய்தது நானில்லை, எனக்குள் இருந்த ஜவுளிக்காரன். துணியின் அகலத்தை நாங்கள் பன்னா என்போம். ஏறக்குறைய ஒரே விலைக்குப் பன்னா அதிகமான துணி கிடைத்தால், குறைவானதை எந்த ஜவுளிக்காரனும் வாங்க மாட்டான். அப்படி வாங்குபவனைப் பார்த்துக் கடைத்தெருவே சிரிக்கும். பதினான்கும் இருபதும் விலையில் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. பதினான்குக்குப் பன்னா அதிகம். அவ்வளவுதான், தீர்ந்தது. மாதக்கணக்கில் வீடியோ பார்த்தவன், கடைசி நிமிடத்தில் லங்கோடு துணி எடுக்கிற மாதிரி லென்ஸ் எடுத்தேன். கேமராவோடு வந்த பழைய லென்ஸையும் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டேன். இனி அது எதற்கு?

லென்ஸ் வந்ததும் அதை மாட்டிக்கொண்டு களம்பூர் ரோட்டில் போய் வயல்வெளி நடுவே நின்று தூரத்து மலையை எடுத்தேன். பார்த்தால் மலையைக் காணவில்லை. உற்றுப் பார்த்தபோது, படத்தின் நடுவில் எறும்புப் புற்று மாதிரி ஒன்று இருந்தது. அதுதான் மலை. பன்னா அதிகமானால் தூரத்தில் இருப்பதெல்லாம் சுருங்கிவிடும் என்பது எந்தத் தாடிக்காரரும் எனக்குப் புரிகிற மொழியில் சொல்லாத சங்கதி.

ஓடிப்போய் மறுபடி வீடியோ பார்த்தேன். அதில் ஒருவர் வழி சொன்னார். இந்த மாதிரி லென்ஸில் எப்போதும் முன்னால், லென்ஸை ஒட்டினாற்போல ஒரு பொருள் இருக்க வேண்டுமாம். ஒரு பாறை, ஒரு பூ, எதுவானாலும் சரி. கேமராவைத் தரையோடு தாழ்த்திப் பாறைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் பாறை பெரிதாக எழுந்து நிற்கும், மலை பின்னால் அழகாக ஒதுங்கிக்கொள்ளும், படத்துக்கு ஆழம் கிடைக்கும். மறுநாள் வரப்பில் படுத்துக்கொண்டு ஒரு பரங்கிப் பூவை எடுத்தேன். பூ லாரிச் சக்கரம் அளவுக்கு வந்தது. எனக்கு ஞானம் பிறந்துவிட்டது.

அந்த ஞானத்தோடு நான் நேராகப் போய் நின்ற இடம் என் தங்கையின் நிச்சயதார்த்தம்.

மாப்பிள்ளை வீடு கண்ணமங்கலம். அங்கே அவர்களுக்கு ஜவுளிக் கடை இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா சரோஜா அத்தை மிகவும் கவனமான மனுஷி. மூத்த மருமகள் கலைவாணி அக்கா வசதி குறைந்த வீட்டிலிருந்து வந்தவர். இப்போது கொஞ்சம் வசதியான எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது மருமகள் வருகிறாள். இதில் பெரியவள் மனசில் ஒரு கீறலும் விழுந்துவிடக் கூடாது என்று அத்தை பயந்தார். நிச்சயப் புடவை எடுக்க வந்தபோது அப்பாவிடம் சொன்னார்:

"சம்பந்தி, பெரியவளுக்கு நிச்சயத்துக்கு எடுத்தது உங்க ஊரு தறிதான். அதே தறிக்காரர்கிட்டயே சொல்லி, அதே பார்டர், அதே முந்தி போட்டுக் குடுங்க. கலரு மட்டும் வேற. பெரியவளுக்கு ஒண்ணு, சின்னவளுக்கு ஒண்ணுன்னு யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது."

அப்படியே நெய்து வந்தது. தறியிலிருந்து அறுத்த புடவையை வாங்கி வந்தவனே நான்தான். நிச்சயத்தன்று கலைவாணி அக்கா வேண்டுமென்றே தன்னுடைய அந்தப் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார், இரண்டு மருமகளும் ஒரே மாதிரி நிற்கட்டும் என்று. எனக்கு இது எல்லாமே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஸ்டுடியோக்காரரைக் கூப்பிடலாம் என்று அப்பா சொன்னார். "எதுக்கு நைனா? வூட்ல கேமரா வெச்சிகினு வெளி ஆள கூப்புட்டா சிரிப்பாங்க" என்றேன். மனிதர்களை ஒரு முறையாவது அந்த லென்ஸில் எடுத்துப் பார்த்தாயா என்று கேட்க அருள் ஊரில் இல்லை. அவன் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான்.

தட்டு மாற்றியதும், கௌரி உள்ளே போய் நிச்சயப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து பலகையில் உட்கார்ந்தாள். ஓரகத்திதான் புதுப்பெண்ணுக்குப் பூ வைத்துப் பக்கத்தில் நிற்பது வழக்கம். கலைவாணி அக்கா பூ வைத்தார், கௌரியின் தோளில் கை வைத்தபடி பக்கத்தில் நின்றார். கௌரி அண்ணாந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்த நேரத்தில் நான் பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். எந்த லென்ஸாக இருந்தாலும் நல்ல படம் வந்திருக்கும்.

நான் அழுத்தவில்லை. எனக்கு ஆழம் வேண்டியிருந்தது.

முதலில் ஜமக்காளத்தில் குப்புறப் படுத்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் எனக்கு மயக்கம் வந்துவிட்டதாக நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். பிறகு எழுந்துபோய், வியாபாரத்தில் வாடிக்கையாளருக்கு விரித்துக் காட்டுகிற பழக்கத்தில், கௌரியின் புடவைப் பார்டரை லென்ஸுக்கு முன்னால் வரும்படி அழகாக விரித்துவிட்டேன். அதுதான் என் பாறை. இனி மலை வேண்டும்.

"அக்கா, நீங்க கொஞ்சம் பின்னால போங்க" என்றேன்.

கலைவாணி அக்கா ஒரு அடி பின்னால் போனார்.

"இன்னும் பின்னால. அந்தச் செவுத்து ஓரம். ஆங், அங்கயே நில்லுங்க. ஆடாதீங்க."

அவர் போய்ச் சுவரோரம் நின்றார். சரோஜா அத்தை வலது ஓரத்தில், மாப்பிள்ளையின் அப்பா இடது ஓரத்தில். எடுத்தேன். அன்று சாயங்காலமே இரண்டு குடும்பமும் சேர்ந்து இருக்கிற வாட்ஸப் குழுவில் பெருமையாகப் போட்டேன்.

படம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஓரத்தில் நின்றவர்களை லென்ஸ் பக்கவாட்டில் இழுத்துவிட்டிருந்தது. ஒல்லியான சரோஜா அத்தை பஞ்சு மூட்டை மாதிரி அகன்றிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா மல்யுத்தத்துக்கு வந்தவர் போலச் சாய்ந்து நின்றார். இதற்கெல்லாம் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்போடு போயிருக்கும். ஆனால் குழுவில் இருந்த முக்கால்வாசிப் பேர் ஜவுளிக்காரர்கள். அவர்கள் படத்தில் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், புடவையைத்தான் பார்ப்பார்கள்.

படத்தில் கௌரியின் பார்டர் கோயில் கொடிச்சீலை மாதிரி பிரம்மாண்டமாக முன்னால் விரிந்து கிடந்தது. சுவரோரம் நின்ற கலைவாணி அக்காவின் அதே பார்டர் ரிப்பன் அளவுக்கு இருந்தது.

"பார்டர் பலே. சின்ன மருமவளுக்கு அள்ளி விட்டுட்டாங்க போலருக்கே" என்று ஒருவர் எழுதினார்.

"ஆரணி சம்பந்தம்னா சும்மாவா" என்றார் இன்னொருவர்.

அத்தையின் நாத்தனார் ஒருவர் குரல் பதிவே அனுப்பினார்: "பெரியவளுக்குக் குடுத்தது பொடிசா தெரியுதேம்மா, நல்லா பாரு."

நான் ஒவ்வொன்றுக்கும் கும்பிடு பொம்மை போட்டு நன்றி சொன்னேன். பாராட்டுகிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கலைவாணி குழுவிலிருந்து வெளியேறினார் என்று வந்தது. கை தவறிப் பட்டிருக்கும் என்று மறுபடி சேர்த்தேன். மறுபடி வெளியேறினார். மறுபடி சேர்த்தேன். (ஆமாம், மூன்றாவது முறையும்.)

மறுநாள் சரோஜா அத்தை அப்பாவைக் கூப்பிட்டார். போனைக் கீழே வைத்த அப்பாவின் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

"அந்தப் பொண்ணு அம்மா வூட்டுக்குப் போறேன்னு பொட்டிய எடுத்துகினு நிக்குதாம். உங்க வீட்ல ரகசியமா பெரிய பார்டரா நெய்ஞ்சு குடுத்துட்டீங்களான்னு சம்பந்தி என்னைக் கேக்கறாங்க. கல்யாணத்தப் பத்தி பொறவு பேசிக்கலாம்ன்றாங்க. கெளம்பு."

கௌரி அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நிச்சயப் புடவையை மடித்துப் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். "அவங்ககிட்ட காட்டுண்ணா. ஜல்தி போ" என்றாள்.

கண்ணமங்கலத்தில் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கலைவாணி அக்கா சமையலறை வாசலில் நின்றார். கண் வீங்கியிருந்தது. நாங்கள் போவதற்கு முன்பே அங்கே என்ன பேச்சு நடந்ததென்று பிறகுதான் தெரிந்தது. "இல்லாத வூட்லேர்ந்து வந்தவன்னுதானே" என்று அவர் கேட்டிருக்கிறார். அத்தை கோபத்தில், "ஆமாடி, அப்படியே வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டிருக்கிறார். இத்தனை வருஷம் அந்த ஒரு வார்த்தை வராமல் காத்த மனுஷி. என் படம் அதை ஒரே நாளில் வாங்கிவிட்டது.

அப்பா இரண்டு புடவையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். இஞ்ச் டேப் வைத்தார். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அத்தை பெருமூச்சு விட்டார்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எனக்குத்தான் லென்ஸ் படிப்பு இருக்கிறதே. கேமராவை வெளியே எடுத்து, கையை விரித்தும் குறுக்கியும், பக்கத்தில் இருப்பது பெரிதாகும், தூரத்தில் இருப்பது சுருங்கும், இது பதினான்கு எம்.எம்., இருபது வாங்கியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று பாடம் நடத்தினேன். அருளின் பரங்கிப் பூ கதை வேறு. (பரங்கிப் பூவை எடுத்தது நான். அந்தப் பதற்றத்தில் அதையும் அருள் தலையில் கட்டினேன்.) கூடத்தில் எல்லாருக்கும் புரிந்தது. ஒருவர் இரண்டு பேர் சிரிக்கவும் ஆரம்பித்தார்கள். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

கலைவாணி அக்கா சமையலறை வாசலில் நின்றபடியே மெதுவாகக் கேட்டார்:

"பின்னால போனா சின்னதா தெரியும்னு உங்களுக்குத் தெரியும்தானே தம்பி?"

"தெரியும்க்கா."

"நான் கௌரி பக்கத்துலதானே நின்னுகினு இருந்தேன். என்னை ஏன் பின்னால போகச் சொன்னீங்க?"

படத்துக்கு ஆழம் வேண்டும் என்று சொல்லலாமா? உங்களை மலையாக நினைத்தேன் என்று சொல்லலாமா? வேறு யாரைப் போகச் சொல்லியிருப்பேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சரோஜா அத்தையைச் சொல்லியிருக்க மாட்டேன். மாப்பிள்ளையின் அப்பாவைச் சொல்லியிருக்கவே மாட்டேன். அங்கிருந்தவர்களில் சொன்னவுடன் ஏன் என்று கேட்காமல் போகக் கூடியவர் அவர் ஒருவர்தான் என்று எனக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. டேப்பில் அளக்க வேண்டியது பார்டர் இல்லை என்பது அந்தக் கூடத்தில் எங்கள் இருவருக்குத்தான் புரிந்தது.

"மன்னிச்சுடுங்கக்கா" என்றேன்.

"பரவால்ல தம்பி. காபி குடிச்சிட்டுப் போங்க" என்று உள்ளே போனார்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ஸ்டுடியோக்காரர் வந்து எடுத்தார். என்னைப் பந்தி விசாரிக்க அனுப்பிவிட்டார்கள். பெட்டி எடுத்த கலைவாணி அக்கா பெட்டியை வைத்துவிட்டார். ஆனால் அத்தை சொன்ன வார்த்தையை அவர் மறக்கவில்லை. அத்தையும் மறக்கவில்லை. கௌரி அந்த வீட்டில் வாழப் போனபோது, இரண்டு பேருக்கும் நடுவில்தான் போய் இறங்கினாள். முதல் வருஷம் முழுக்க அக்கா அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லையாம். இதை அவள் என்னிடம் சொன்னதே பல நாள் கழித்துத்தான். "உன்மேல கோவம் இல்லண்ணா, அதப் பத்திப் பேசினாலே அக்கா பூ வெச்ச கை ஞாபகம் வந்துடும், அதான் சொல்லல" என்றாள். அந்தப் புடவையை அவள் மறுபடி கட்டிப் பார்த்ததே இல்லை.

லென்ஸையும் பிறகு இருபதாக மாற்றிக்கொண்டேன். ஜவ்வாது மலையில் அருளோடு நின்று பால்வெளியையும் எடுத்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. யாராவது கேட்டால் காட்டுவேன், நானாக எடுத்துக் காட்டுவதில்லை.

குடும்பத்தில் இது ஒரு நிரந்தரக் கேலியாக நின்றுவிட்டது. யாராவது ஒரு விஷயத்தை ஊதிப் பெருக்கினால் "இது தயா லென்ஸு" என்பார்கள். நான் போனைத் தூக்கினாலே சரோஜா அத்தை "ஓரத்துல நான் நிக்க மாட்டேம்பா" என்று அடித்துப் பிடித்து நடுவுக்கு வருவார். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேவலம்.

போன மாதம் கௌரியின் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் என் மடியில் உட்காரவைத்துக் குத்தி முடித்த பிறகு, எல்லாரும் படத்துக்கு நின்றார்கள். வழக்கம்போல அத்தை நடுவுக்கு ஓடி வந்தார், வழக்கம்போல எல்லாரும் லென்ஸ் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். கலைவாணி அக்கா கூட்டத்துக்குப் பின்னால் தூணோரம் நின்றிருந்தார். யாரும் அவரை அங்கே போகச் சொல்லவில்லை.

"அக்கா, முன்னால வாங்க. கௌரி பக்கத்துல வந்து நில்லுங்க" என்றேன்.

"வேணாம் தம்பி. நான் அங்க வந்தா உங்க படம் கெட்டுடும்."

எல்லாரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நல்ல பதிலடி என்று மாப்பிள்ளை கை தட்டினார். அக்கா கேலியாகச் சொல்லவில்லை, படம் நன்றாக வர வேண்டுமே என்ற அக்கறையில்தான் சொன்னார் என்பது கௌரிக்கும் எனக்கும் தெரிந்தது. குழந்தை காது வலிக்கிறது என்று அழ ஆரம்பித்திருந்தாள். அவர் நின்ற இடத்திலேயே வைத்து எடுத்தேன்.